மூளிக்காதிக்கு வைத்த சோறு

அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டது 2022 ஒக்ரோபரில். "நான் வைச்ச சோத்தாலதானோ பிள்ளை?" நான் "இல்லை அம்மா, அது வருத்தம்" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, வாயில் வந்த பதில் அது. அம்மா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. எழும்பிப் போய்க் குசினியில் தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்தார். என் பதிலை நம்பினாரா, பேச்சை அத்தோடு விடலாம் என்று நினைத்தாரா, எனக்குத் தெரியவில்லை. ஆனால் நான் சொன்ன அந்த "இல்லை" எனக்குள் படியாமலே கிடந்தது. பின்வளவுக்கு வரும் ரக்கூன்களைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும், யாராவது "பாவம், அதுகளுக்கும் பசிதானே" என்று சொன்னாலும், அது எழும்பி வந்துவிடும். மூன்று வருடம் ஆகப்போகிறது.

எல்லாம் காகத்தில் தொடங்கியது. அப்பா 2021 மாசியில் காலமானார். செத்தவீட்டுக்குப் பத்துப் பேருக்கு மேல் கூட முடியாத காலம் அது. பல வருடம் ரொறன்ரோவில் இருந்த மனிதர், இத்தனை சொந்தக்காரர் இருந்தும், ஒரு சின்ன அறைக்குள் பத்துப் பேரோடு போய்விட்டார். அந்தக் குறை அம்மாவுக்கு இன்னும் உண்டு. அந்த வருடப் புரட்டாதிச் சனிக்கு அம்மா ஊரில் பிடித்ததுபோலவே விரதம் பிடித்தார். சமைத்து, எள்ளெண்ணெய் எரித்து, காகத்துக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பாடு. தமிழ்க் கடையில் வாங்கிய வாழையிலையில் ஒரு துண்டு கிழித்து, அதில் சோறும் கத்தரிக்காய்க் கறியும் ஒரு பிடி வைத்து, வீட்டின் பின்பக்கத்து மேடையான டெக்கின் கைப்பிடிச் சட்டத்தில் வைத்துவிட்டு "கா, கா" என்று கூப்பிட்டார். ரொறன்ரோவில் நாங்கள் இருக்கிற ஸ்காபரோவிலும் காகம் உண்டு. ஆனால் ஊர்க் காகம் மாதிரி உரிமையோடு வாசலுக்கு வந்து நிற்கிற பிறவி அல்ல. கழுத்தில் அந்தச் சாம்பல் நிறமும் கிடையாது, உடம்பெல்லாம் கறுப்பு, உருவமும் பெரிது. நாலு வீடு தள்ளி உள்ள மேப்பிள் மரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்ததே தவிர இறங்கவில்லை. பொழுதுபட்ட பிறகும் சோறு அப்படியே கிடந்தது. நான் எடுத்துவிடுவோம் என்றேன். வைத்ததை எடுக்கக் கூடாது என்று அம்மா விடவில்லை.

விடிய எழும்பிப் பார்த்தால் இலை நிலத்தில் கிடக்கிறது. ஒரு பருக்கை இல்லை. துடைத்து வைத்த மாதிரி இருந்தது. "ஆரோ வந்து திண்டிட்டுப் போயிருக்கினம்" என்றார் அம்மா. அப்பா போன பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் கண்டது அன்றைக்குத்தான். அடுத்த சனி இரவு குசினி விளக்கை அணைத்துவிட்டு, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கதிரை போட்டு இருந்தார். பதினொரு மணிபோல என்னை மெதுவாகக் கூப்பிட்டார். கைப்பிடிச் சட்டத்தில் பின்னங்கால்களைக் குத்தி இருந்துகொண்டு, இரண்டு கையாலும் சோற்றை அள்ளி வாயில் வைத்துக்கொண்டிருந்தது ஒரு ரக்கூன். கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டி, வளையம் வளையமாக வால். இடக் காதில் பாதி இல்லை. "பார் பிள்ளை, கையால தின்னுது" என்றார். அந்தக் கை அம்மாவை ஏதோ செய்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். நாய் வாயால் தின்னும், காகம் கொத்தித் தின்னும். இது அள்ளித் தின்றது. அன்றைக்கே அதற்கு மூளிக்காதி என்று பெயரும் வைத்தாகிவிட்டது.

அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அதை இங்கே சொல்லாமல் விட்டால் அம்மா ஏன் தொடர்ந்து வைத்தார் என்பது விளங்காது. ரக்கூன் தின்னும்போது தன் கையைப் பார்ப்பதில்லை. முகம் எங்கேயோ தூரத்தில் இருட்டைப் பார்க்கும், கை மட்டும் தன்பாட்டில் உருட்டி, திருப்பி, தடவிக்கொண்டிருக்கும். முன்பாதத்தில் ஐந்து விரல்கள், தொடுவுணர்வு அவ்வளவு நுட்பம். நனைந்தால் அந்த உணர்வு இன்னும் கூடுமாம். அதனால்தான் தண்ணீர் இருந்தால் அதில் தோய்த்துப் பார்க்கிறது. பார்ப்பவர்களுக்குச் சாப்பாட்டைக் கழுவுவது போல இருக்கும். அதன் விஞ்ஞானப் பெயரிலேயே 'கழுவுபவன்' என்று பொருள்படும் லத்தீன் சொல் ஒன்று ஒட்டிக்கொண்டது அப்படித்தான். ஆனால் அது கழுவுவதில்லை, விரலால் அறிந்துகொள்கிறது. ரக்கூன் என்ற சொல்லுக்கும் மூலம் பௌஹாட்டன் என்ற பூர்வகுடி மொழியில் 'கையால் சுரண்டுவது' என்பதுதான். ஒருநாள் அம்மா மிஞ்சிய பிட்டைக் கொண்டுபோய் வைத்தார். பக்கத்தில் ஒரு சட்டியில் தண்ணீர். மூளிக்காதி பிட்டுத் துண்டை எடுத்துத் தண்ணீருக்குள் விட்டு உருட்டியது. பிட்டுக் கரைந்து போய்விட்டது. வெறும் தண்ணீருக்குள் இரண்டு கையாலும் தேடிக்கொண்டே இருந்தது. அடுத்த துண்டு, அதுவும் கரைந்தது. அம்மா கண்ணாடிக்குப் பின்னால் நின்று பதறிப்போனார். அடுத்த நாளிலிருந்து ரொட்டிதான்.

அதாவது, அடுத்த நாளிலிருந்து. சனிக்கிழமை மட்டும் என்று இருந்தது எப்போது ஒவ்வொரு நாளும் ஆனது என்று என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

ஒன்பது தலைகள்

மார்கழி, தை, மாசியில் அது வரவில்லை. கடுங்குளிரில் ரக்கூன்கள் பொந்துக்குள் சுருண்டு கிடக்கும். கரடியைப் போல ஒரே நித்திரை அல்ல, இடையில் சூடு வந்தால் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பவும் படுக்கும். பனி கரைந்த பிறகு ஒரு நாள் அது வந்தபோது நாங்கள் பார்த்தது வேறு உடம்பு. ஒட்டி, மயிர் கொட்டிக் கிடந்தது. அம்மா கோப்பையைப் பெரிதாக்கினார். யூலையில் நாலு குட்டிகளைப் பின்னால் கூட்டிக்கொண்டு வந்தது. வேலியின் மேல் வரிசையாக, ஒன்றின் வாலை மற்றது முட்டிக்கொண்டு வந்த அந்தக் காட்சியை நான் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். குட்டிகளின் குரல் ஒரு மெல்லிய குறுகுறுப்பு, தூரத்தில் யாரோ கொட்டைப்பாக்கை உருட்டுகிற மாதிரி. பக்கத்து வீட்டு மல்பெரி மரத்தில் ஏறி, வாயும் கையும் ஊதாவாக இறங்கும். அவை பட்டினி கிடக்கவில்லை என்று அந்த மல்பெரி மரம் எங்களுக்குச் சொன்னது. நாங்கள் கேட்கவில்லை.

யோர்க் பல்கலைக்கழகத்தில் விலங்கு நடத்தை ஆராயும் சுசான் மக்டொனால்ட் என்ற உளவியலாளர் ரொறன்ரோ ரக்கூன்களுக்கு ஜிபிஎஸ் பட்டி பூட்டித் தொடர்ந்து பார்த்தவர். நகரத்து ரக்கூன்கள் பெரிய வீதிகளைக் கடக்க விரும்புவதில்லை, ஒரு சில தெருக்களுக்குள்ளேயே தங்கள் வாழ்க்கையை வைத்துக்கொள்கின்றன என்பது அவர் கண்டது. நான் இதை முதலில் படித்தபோது சந்தோஷப்பட்டேன். அப்படியென்றால் மூளிக்காதி எங்கள் ஊர்க்காரி, எங்கள் தெருவில் பிறந்து எங்கள் தெருவிலேயே இருக்கிறவள். அயலட்டைச் சொந்தம் என்று அம்மாவிடம் சொன்னேன். அந்த உண்மைக்கு இன்னொரு பக்கம் இருந்தது. சில தெருக்களுக்குள் வாழ்கிற எல்லா ரக்கூன்களுக்கும் எங்கள் டெக் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஓகஸ்ற் நடுவில் ஓர் இரவு எண்ணினேன். ஒன்பது. மூளிக்காதியும் குட்டிகளும் ஐந்து, மற்ற நாலும் புதிது. ஒரு பெரிய ஆண் வந்தால் மற்றவை பின்வாங்கிப் பற்களைக் காட்டும். பிறகு பசி பொறுக்காமல் எல்லாம் ஒன்றாக முகத்தைக் கோப்பைக்குள் கொண்டுபோகும். ஒன்பது மூக்கு, ஒரு கோப்பை. கைகளைத் தோய்க்க ஒரே சட்டித் தண்ணீர்.

பக்கத்து வீட்டுப் பெரியவர், மல்பெரிக்காரர், வேலிக்கு மேலால் ஒருநாள் பேசினார். கோபமாக அல்ல. புல்லைப் புரட்டிப் போடுகின்றன, கொட்டிலின் கூரையில் மலம் கிடக்கிறது, பேரப்பிள்ளை வந்து விளையாடுகிற இடம் என்றார். பொறிவைத்துப் பிடித்துத் தூரக் காட்டில் விடலாமா என்றும் கேட்டார். ஒன்ராறியோவில் அப்படிச் செய்ய முடியாது, பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள்தான் விடவேண்டும் என்பது சட்டம். நான் அதைச் சொன்னேன், ஏதோ வாதத்தில் வென்றுவிட்ட மாதிரி. மலத்தைப் பற்றி அவர் சொன்னதை அன்றைக்குக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரக்கூன்கள் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கக்கூசாகப் பாவிக்கும். அந்த மலத்தில் ஒருவகை வட்டப்புழுவின் முட்டை இருக்கக்கூடும். மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கையை வாயில் வைக்கும் சின்னப் பிள்ளைக்குள் போனால், அரிதாகத்தான் என்றாலும், மூளையையும் கண்ணையும் தாக்கும். பிறகுதான் படித்தேன். படித்த அன்றே அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டு, கொட்டில் கூரையையும் எங்கள் டெக்கின் அடியையும் கொதிதண்ணீர் ஊற்றிச் சுத்தப்படுத்தினேன்.

அம்மாவை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு. 1995 ஒக்ரோபர் 30 இரவு, யுத்தத்தால் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தபோது எங்கள் வீடும் நடந்தது. மழை, சனம், மிதிவண்டி, அதற்கு மேல் பெட்டி. எனக்கு அப்போது ஏழு வயது. எங்கள் நாயை அப்பா அவிழ்த்துவிட்டார். அம்மா அடுப்பில் இருந்த சோற்றுப் பானையை அப்படியே தூக்கி முற்றத்தில் வைத்தார். ஒரு நாளைக்கா, ஒரு கிழமைக்கா என்று தெரியாத பிரிவுக்கு ஒரு பானைச் சோறு. ஆறு மாதத்துக்குப் பிறகு திரும்பிப் போனபோது பானை கிணற்றடியில் கவிழ்ந்து கிடந்தது, நாய் இல்லை. இங்கே, ஸ்காபரோவில், நான் ஒருநாள் "அதுகளுக்கு நாங்கள் குடுக்காட்டியும் வாழும் அம்மா" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "அப்பிடித்தான் அண்டைக்கும் சொன்னவை" என்றார். அதற்குமேல் நான் என்ன பேச?

அந்த வியாழக்கிழமை

செப்ரெம்பர் கடைசி. நான் வீட்டிலிருந்து வேலை செய்த நாள். மத்தியானம் பன்னிரண்டரை இருக்கும், நல்ல வெயில். அம்மா குசினியிலிருந்து "பிள்ளை, பகல்ல வந்திருக்கு, பசி போல" என்று சொல்லிக்கொண்டே கோப்பையில் சோறு போட்டது எனக்குக் கேட்டது. நான் எழும்பி வருவதற்குள் அவர் கதவைத் திறந்து ஒரு கால் வெளியே வைத்துவிட்டார். அது புல்லின் நடுவில் நின்றது. குட்டிகளில் ஒன்று, இப்போது முக்கால்வாசி வளர்ந்தது. அம்மாவைக் கண்டு ஓடவில்லை, அம்மாவைப் பார்க்கவும் இல்லை. இடப்பக்கமாகச் சுற்றியது, திரும்பவும் சுற்றியது, பின்னங்கால் தடுக்கிச் சரிந்தது, எழும்பித் திரும்பவும் இடப்பக்கமாகச் சுற்றியது. கண் இரண்டும் பீளை கட்டி ஒட்டியிருந்தன. மூக்கில் சளி தொங்கியது. நான் அம்மாவின் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். கோப்பை டெக்கில் விழுந்து சோறு சிதறியது. அந்தச் சத்தத்துக்கு அது தலையைத் தூக்கி, தட்டுத்தடுமாறி வந்தது. சோற்றுக்கு அல்ல, தண்ணீர்ச் சட்டிக்கு. கையை அதற்குள் விட்டது. உருட்டுவதற்கு ஒன்றும் இல்லை, ஆனாலும் கை உருட்டியது. பிறகு சட்டிக்குப் பக்கத்திலேயே படுத்துவிட்டது.

நகரசபையின் 311 தொலைபேசி எண்ணுக்கு அழைத்தேன். அந்த வருடம் நகரம் முழுவதும் இதே கதை, நோயுற்ற ரக்கூன்கள் பற்றிய அழைப்புகள் குவிந்துகொண்டிருந்தன. நகரசபை ஊழியர் பின்னேரம் வந்தார். அதுவரை அம்மா கண்ணாடிக்கு உள்ளேயும் அது வெளியேயுமாக இருந்தார்கள். இடையிடையே வலிப்பு வந்து தாடை வாயில் எதையோ மெல்லுவது போல அடித்துக்கொண்டது. அம்மா தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தார், சத்தம் வராமல்.

வந்தவர் பொறுமையான இளைஞர். பார்த்த உடனேயே டிஸ்ரெம்பராக இருக்கலாம் என்றார். நாய்களுக்குத் தடுப்பூசி போடுகிற அதே நோய். மனிதருக்குத் தொற்றாது, ஆனால் விசர்நோயும் வெளிப்பார்வைக்கு இப்படியே இருக்கும், அதனால் ஒருபோதும் தொடவேண்டாம் என்றார். வந்துவிட்டால் மருந்து இல்லை. கருணைக்கொலை ஒன்றுதான். எப்படித் தொற்றும் என்று கேட்டேன். எச்சில், மூக்குச் சளி, கிட்ட நின்று மூச்சு விடுவது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் பார்வை டெக்கைச் சுற்றி வந்தது. சிதறிய சோறு, கவிழ்ந்த கோப்பை, தண்ணீர்ச் சட்டி. "இங்கே சாப்பாடு வைக்கிறீர்களா?" என்று கேட்டார். குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. நான் ஆம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, கையுறை போட்டு, அந்தக் குட்டியை ஒரு கூட்டுக்குள் மெதுவாகத் தள்ளினார். இனி வைக்காதீர்கள், பாத்திரங்களைப் புளீச் போட்டுக் கழுவுங்கள் என்று மட்டும் சொன்னார். ஆங்கிலத்தில் நடந்த பேச்சு. அம்மாவுக்கு ஆங்கிலம் ஓரளவு விளங்கும். எவ்வளவு விளங்கியது என்று நான் கேட்கவில்லை.

அடுத்த இரண்டு கிழமையில் இன்னும் இரண்டு. ஒன்று மல்பெரிக்காரரின் கராஜ் ஓரத்தில் செத்துக் கிடந்தது, மற்றது தெருவில் பட்டப்பகலில் சுற்றிக்கொண்டு நின்றது. மூளிக்காதி அந்த வியாழனுக்குப் பிறகு வரவேயில்லை. நோயிலா, வெற்று டெக்கைக் கண்டு வேறெங்கும் போனதா, தெரியாது. அப்போதுதான் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

ஒரு பிடியும் ஒரு கோப்பையும்

நான் "இல்லை" என்றதற்கு நியாயம் தேடிக் கொஞ்சநாள் அலைந்தேன். தேடினால் கிடைக்கும். நோய் நகரம் முழுக்க இருந்தது, ஸ்காபரோவில் ஒரு டெக்கில் சோறு வைத்ததால் வந்ததல்ல. எங்கள் கோப்பை இல்லாவிட்டாலும் அந்தக் குட்டிக்கு வந்திருக்கலாம். எந்த மூக்கிலிருந்து எந்த மூக்குக்குப் போனது என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லாம் சரி. ஆனால் தனித்தனியே அலையவேண்டிய ஒன்பது ரக்கூன்களை ஒவ்வொரு இரவும் ஒரே கோப்பைக்கு அழைத்தது நாங்கள். காட்டில் இருப்பதைவிட நகரத்தில் அவை நெருக்கமாக வாழ்வதே எங்கள் குப்பையால்தான். 2016இல் ரொறன்ரோ நகரம் வீடு வீடாக, சாப்பாட்டுக் கழிவு போடுகிற புதிய கிரீன் பின் தொட்டி கொடுத்தது. மூடியில் ஒரு பூட்டு, லொறி தலைகீழாகத் தூக்கிக் கவிழ்க்கும்போதுதான் தானாகத் திறக்கும். ரக்கூனின் கையைத் தோற்கடிப்பதற்கென்றே அதைச் செய்தார்கள். அந்தக் கையை இரக்கத்தோடு பார்த்த நாங்கள், பூட்டிய சாப்பாட்டைப் பக்கத்தில் கோப்பையில் திறந்து வைத்தோம்.

காகத்துக்கு வைத்த சோற்றையும் இதையும் நான் பலநாள் ஒப்பிட்டுப் பார்த்தேன். அதற்கு ஒரு பிடி என்ற அளவு இருந்தது. உச்சிப்பொழுது என்ற நேரம் இருந்தது. நாங்கள் சாப்பிடுவதற்கு முன் என்ற ஒழுங்கு இருந்தது. எந்தக் காகமும் அந்த ஒரு பிடியை நம்பிக் குடும்பம் நடத்தவில்லை. அம்மா பழகியது அந்த அளவு. இங்கே அந்த அளவு கைநழுவிப் போனது அப்பாவின் துக்கத்திலும் அந்தப் பானையின் நினைவிலும். அதனால் அம்மாவில் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாசித்து அறியக்கூடியவள் நான், கண்ணாடிக்குப் பின்னால் நின்று படம் எடுத்தவளும் நான். பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் உண்மை. அவை வருவதற்குச் சோறு வேண்டியிருந்தது, ஆகவே சோற்றை நான் கேள்வி கேட்கவில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் ரொறன்ரோவில் சொந்த வளவில்கூடக் காட்டு விலங்குகளுக்கு உணவு வைக்கத் தடை வந்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. குருவிகளுக்குத் தீனி வைக்கும் கூட்டுக்குச் சில நிபந்தனைகளோடு இடம் உண்டு. ரக்கூனுக்கு இல்லை.

இந்த வருடம் புரட்டாதி முதல் சனிக்குக் காலையில் அம்மாவிடம் சொன்னேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "அண்டைக்கு நீங்கள் கேட்டனீங்கள், சோத்தாலதானோ எண்டு. நான் இல்லை எண்டு சொன்னன். அது முழு உண்மை இல்லை அம்மா" என்று தொடங்கி, கோப்பை, எச்சில், ஒன்பது மூக்கு, எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். அழுவார் என்று பயந்தேன். அவர் அழவில்லை. காம்பைக் கிள்ளிக்கொண்டே கனநேரம் யோசித்தார். "ஊரில காகங்களும் ஒரு இலையிலதானே பிள்ளை தின்னும்" என்றார். "ஒண்டு வந்து கத்தி மற்றதுகளையும் கூப்பிடும். அதைத்தானே நாங்கள் பெரிசாச் சொல்லுவம். அதுக்குள்ள ஒண்டுக்கு வருத்தம் எண்டால்?" எனக்குப் பதில் வரவில்லை. ஒரு பிடிக்கும் ஒரு கோப்பைக்கும் நான் கட்டி வைத்திருந்த வேறுபாடு அந்த இடத்தில் கொஞ்சம் ஆட்டம் கண்டது. இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்போது இலை அப்பாவின் படத்துக்கு முன்னால் வைக்கப்படுகிறது. கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சோற்றை அம்மாவே எடுத்துச் சாப்பிடுகிறார். பின்வளவில் தண்ணீர்ச் சட்டியும் இல்லை. வேலிக் கட்டையில், அசைவைக் கண்டால் படம் பிடிக்கும் ஒரு சின்னக் கமரா மட்டும் கட்டியிருக்கிறேன். பெரும்பாலும் அணில், சிலவேளை ஸ்கங்க், ஒருதரம் கயோட்டி. போன ஞாயிறு விடியப்புறம் 2.40க்கு ஒரு தாய் ரக்கூன், பின்னால் மூன்று குட்டிகள். டெக் படியில் ஏறி, கோப்பை இருந்த மூலையை முகம் வேறெங்கோ பார்க்கத் தன் கையால் இரண்டு மூன்று தரம் தடவியது. பிறகு இறங்கி வேலியோடு போய்விட்டது. காலையில் அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திரும்பப் போடச் சொல்லி இரண்டாம் தரமும் பார்த்தார்.

"காது முழுசா இருக்கு" என்றார்.